தண்ணீராகக் கரைத்தால் வயிறு மட்டும்தான் நிறையும்

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. எங்கள் மகளுக்கு ஐந்து மாதம் பத்து நாள் ஆகிறது. பிறந்தபோது 2.8 கிலோ, இப்போது 6.4 கிலோ. இதுவரை தாய்ப்பால் மட்டும்தான். மனைவியின் 26 வார விடுப்பு இன்னும் இரண்டு வாரத்தில் முடிகிறது. அதன்பின் பகலில் என் அம்மா பார்த்துக்கொள்வார். "பக்கத்து வீட்டுப் பையன் இதே வயசுல எட்டுக் கிலோ, இவ எளைச்சுக் கெடக்கறா" என்று சொல்லி, ராகிப்பாலை ஃபீடிங் பாட்டிலில் இப்போதே ஆரம்பிக்கச் சொல்கிறார் அம்மா. மாமியார் டப்பா உணவுதான் சத்து என்கிறார். வருகிற வாரம் பழனியில் சோறூட்டவும் நாள் குறித்துவிட்டார்கள். யூட்யூபில் ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுக்கிறார். அப்பாவாக நான் என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

பதில்: எடை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் உங்கள் வீட்டில் மற்ற எல்லா அவசரமும் அதிலிருந்துதான் கிளம்புகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி ஐந்து மாதப் பெண் குழந்தையின் நடு எடை 6.9 கிலோ. 5.4 கிலோவுக்குக் கீழே போனால்தான் எடை குறைவு என்போம். உங்கள் மகள் 6.4. பிறந்த எடையின் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டாள். பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஆண் குழந்தைக்கான அட்டவணை, அது வேறு. ஒரு நாள் எடையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. தடுப்பூசி அட்டையில் மாதாமாதம் புள்ளி வைத்து, கோடு ஏறுகிறதா, படுத்துவிட்டதா என்று பாருங்கள். ஏறிக்கொண்டிருந்தால் அந்தப் பேச்சை வீட்டில் யார் எடுத்தாலும் அட்டையைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடலாம்.

இப்போது உங்களுக்கு உண்மையில் நெருக்கடி அந்த இரண்டு மூன்று வாரம். மனைவி பள்ளிக்குப் போகத் தொடங்கும்போது குழந்தைக்கு ஆறு மாதம் நிறைய இன்னும் ஒரு வாரம் போல இருக்கும். அந்த ஒரு வாரத்துக்காக ராகியை முன்னால் இழுக்க வேண்டாம். பாலைப் பீய்ச்சி வைத்துப் பழகுங்கள், இன்றிலிருந்தே. காலையில் ஒரு பக்கம் குழந்தை குடிக்கும்போது மறு பக்கம் பீய்ச்சினால் சுலபமாக வரும். முதல் சில நாள் 30 மில்லி வந்தாலே பெரிது. "பால் வத்திப்போச்சு" என்று யாரும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பீய்ச்சுவதில் வருவது குழந்தை உறிஞ்சி எடுப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

மூடி போட்ட சுத்தமான பாத்திரத்தில் ஊற்றி, தேதி எழுதி, ஃபிரிட்ஜின் கதவில் வைக்காமல் உள்பக்கம் வையுங்கள். ஃபிரிட்ஜில் 4 நாள் வரை கெடாது. வெளியே வைத்தால் 25 டிகிரி வெப்பத்தில் 4 மணி நேரம்தான் கணக்கு. திருப்பூர் வெயிலுக்கு அதை நம்பாதீர்கள். கொடுக்கும்போது வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை இறக்கி வெதுவெதுப்பாக்கினால் போதும். அடுப்பில் நேராக வைத்துக் கொதிக்கவிடக் கூடாது. குடித்து மிச்சம் வைத்ததைத் திரும்ப ஃபிரிட்ஜில் வைக்கவும் கூடாது. கொடுப்பது பாலாடையில், அதாவது சங்குபோல மூக்கு வைத்த சிறு கிண்ணத்தில். உங்கள் அம்மாவுக்குக் கைவந்த சாமான் அது. ஃபீடிங் பாட்டிலின் ரப்பர் துளையிலும் கழுத்து மடிப்பிலும் தேங்கும் பால்தான் குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்குப் பழைய வழி. பாலாடையைக் கழுவி வெந்நீரில் போட்டால் வேலை முடிந்தது.

மனைவியின் பள்ளியில் ஒன்று கேட்கச் சொல்லுங்கள். முன்பு மகப்பேறு நலச் சட்டம், 1961இல் இருந்து, இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020இல் தொடரும் விதிப்படி, குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை வேலை நேரத்தில் பாலூட்ட இரண்டு இடைவேளை தர வேண்டும். வீட்டிலிருந்து பள்ளி பக்கம் என்றால் மதிய இடைவேளையில் குழந்தையைக் கொண்டுபோகலாம். தூரம் என்றால் அந்த நேரத்தில் பீய்ச்சக் கதவு தாழிடும் அறை ஒன்று வேண்டும். கழிப்பறை அதற்கான இடமல்ல. இதை வாய்மொழியாகக் கேட்டால் "பார்க்கலாம் மேடம்" என்பார்கள், எழுதிக் கொடுப்பது நல்லது.

பழனி. ஆறு மாதம் நிறைந்த பிறகு ஒரு நாள் பார்க்கச் சொல்லுங்கள், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். நாளை மாற்றவே முடியாது என்றால் சோற்றுப் பருக்கையை உதட்டில் தொட்டு எடுத்ததோடு சடங்கை நிறுத்திக்கொள்ளுங்கள். ஆனால் எந்த நாளில் போனாலும் பஞ்சாமிர்தம் மட்டும் கூடாது. அதில் தேன் இருக்கிறது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் குடலில் தேனில் உள்ள ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள் முளைத்து நஞ்சு உண்டாக்கும். முதலில் மலச்சிக்கல், பிறகு பால் உறிஞ்சப் பலமில்லாமல் போவது, கழுத்து துவண்டு விழுவது. அரிதாக வருவதுதான், ஆனால் வந்தால் ஆபத்து. காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாகாது. மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பதும் இதே கணக்குதான். குழந்தை பிறந்தபோதே தேன் தொட்டு வைத்து ஒன்றும் ஆகவில்லை என்று யாராவது சொல்வார்கள். அவர்களுக்கு ஆகவில்லை, அவ்வளவுதான்.

இனி ராகிக்கு வருவோம். உங்கள் அம்மா தேர்ந்தெடுத்த தானியத்தில் குறையே இல்லை. நூறு கிராம் ராகியில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது, அரிசியும் கோதுமையும் பக்கத்தில் நிற்க முடியாது. குறை இரண்டு. பாட்டில் ஒன்று. "தண்ணியாக் கரைச்சாத்தான் செமிக்கும்" என்ற நம்பிக்கை இன்னொன்று.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். குழந்தையின் இரைப்பை, எடையில் கிலோவுக்குச் சுமார் 30 மில்லி கொள்ளும். உங்கள் மகளுக்கு ஏறக்குறைய 200 மில்லி. ஒரு மேசைக்கரண்டி, அதாவது 10 கிராம் ராகி மாவை 200 மில்லி தண்ணீரில் காய்ச்சிப் பாட்டிலில் ஊற்றினால் கிடைப்பது 33 கலோரி போல. அதோடு வயிறு முழுவதும் நிறைந்துவிட்டது. அவள் தூங்குவாள், வீட்டில் எல்லாரும் திருப்திப்படுவார்கள். அதே 200 மில்லி தாய்ப்பாலாக இருந்தால் 130 கலோரி. ஆக, தண்ணீர்க் கஞ்சி கொடுப்பது தாய்ப்பாலைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தண்ணீரை உட்காரவைப்பதுதான். ஆறு மாதம் நிறைந்ததிலிருந்து எட்டு மாதம் வரை தாய்ப்பாலுக்கு மேல் ஒரு நாளைக்கு 200 கலோரி போல உணவிலிருந்து வர வேண்டும். தண்ணீர்க் கஞ்சியில் அதை எட்ட வேண்டுமானால் ஆறு பாட்டில் கொடுக்க வேண்டும்.

இதற்கு எதிரே உங்கள் ஊர் அரிசிம்பருப்பை வையுங்கள். வெங்காயம், மிளகாய் இல்லாமல் அரிசியும் துவரம்பருப்பும் மஞ்சளும் மட்டும் குழைய வேகவைத்து, உப்புப் போடும் முன் குழந்தைக்கு எடுத்து, ஒரு டீஸ்பூன் நெய் விட்டுக் கரண்டியின் பின்பக்கத்தால் மசித்தால், அரைக் கிண்ணத்திலேயே 150 கலோரிக்கு மேல் இருக்கும். அரிசியில் குறைந்த புரதக்கூறு பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறைந்தது அரிசியில் இருக்கிறது. கொங்கு நாட்டில் பிறந்த குழந்தைக்கு முதல் உணவைத் தேடி யூட்யூபுக்குப் போக வேண்டியதில்லை. பதம் பார்க்க ஒரே சோதனை: கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் ஒழுகக் கூடாது, மெதுவாக நழுவி விழ வேண்டும். மிக்சியில் ஓட்டிக் கூழாக்க வேண்டாம். ஆரம்பத்தில் நன்றாக மசித்தது, எட்டு மாதத்தில் சிறு கட்டிகளோடு, ஒன்பதில் விரலால் தானே எடுத்துத் தின்ன வெந்த கேரட் துண்டு, இட்லி. பத்து மாதம்வரை கூழாகவே கொடுத்த குழந்தைகளுக்கு மெல்லப் பழக்குவது பெரும்பாடு. அந்தத் தாய்மார்கள்தான் ஒரு வயதில் "முழுங்கவே மாட்டேங்கறா" என்று வந்து நிற்பார்கள்.

ராகியைக் கெட்டியாகவும் கொடுக்க வேண்டும், தொண்டையில் ஒட்டாமலும் இருக்க வேண்டும் என்றால் அதற்கு ஒரு வித்தை உண்டு. உங்கள் அம்மாவுக்குத் தெரிந்த முளைகட்டும் வேலைதான். ராகியை ஓர் இரவு ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் கட்டி ஒன்றரை நாள் விட்டால் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். நிழலில் காயவைத்து வாசம் வரும் முன்பே இறக்கிவிடும் அளவுக்கு மட்டும் வெதுப்பி அரைத்துக்கொள்ளுங்கள். இப்போது சாதா ராகி மாவில் களிபோலக் கெட்டியாக ஒரு கஞ்சி காய்ச்சி இறக்கி, ஆவி சற்று அடங்கியதும் இந்த முளைமாவு அரை டீஸ்பூன் போட்டுக் கலக்குங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் கண்ணெதிரே கஞ்சி இளகும். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்கவில்லை, மாவும் குறையவில்லை. முளைவிடும்போது தானியத்தில் உண்டாகும் அமிலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைப்பதால் வரும் இளக்கம் அது. மறுபடி ஒரு கொதி விட்டு ஆறவைத்துக் கொடுங்கள். முளைமாவைச் சிவக்க வறுத்துவிட்டால் நொதி செத்துப்போகும், அதனால் கடையில் வாங்கும் மாவில் இது பலிக்காமலும் போகலாம். முளைகட்டுவதில் இன்னொரு லாபம், தானியத்தில் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும் ஃபைட்டேட் என்ற பொருள் குறைந்து இரும்புச்சத்து உடம்பில் கொஞ்சம் கூடுதலாகச் சேரும். துணியில் வடிகட்டி ராகிப்பால் எடுக்கும் முறையில் துணியில் தங்கிவிடும் சக்கையோடு சத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. ஆறு மாதம் நிறைந்து உணவு தொடங்கும்போது நாலு நாள் அப்படிக் கொடுப்பதில் தப்பில்லை, அதையே எட்டு மாதம்வரை நீட்ட வேண்டாம்.

முதல் நாள் இரண்டு மூன்று ஸ்பூன். ஒரு வேளையாகத் தொடங்கி, இரண்டாவது வாரத்தில் இரண்டு வேளை, பிறகு மூன்று. தாய்ப்பால் வழக்கம்போலத் தொடரட்டும். ஒரு வயதுவரை குழந்தைக்கு வேண்டிய சக்தியில் பாதி அதிலிருந்துதான் வருகிறது. நாக்கால் வெளியே தள்ளினால் "பிடிக்கவில்லை" என்று எழுதிவைத்துவிடாதீர்கள். உறிஞ்ச மட்டுமே பழகிய நாக்கு அப்படித்தான் செய்யும். ஒரே காயைப் பத்துத் தடவை காட்டிய பிறகு பதினொன்றாவது தடவை வாயைத் திறக்கும் குழந்தைகள் ஏராளம்.

நான் உண்மையில் கவலைப்படுவது எடையைப் பற்றி அல்ல, இரும்புச்சத்தைப் பற்றி. அம்மாவின் வயிற்றில் இருந்தபோது சேர்த்துவைத்த இரும்பு ஆறு மாதத்தில் தீர்ந்துபோகிறது. தாய்ப்பாலில் இருப்பது அதன்பின் போதாது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் (2019-21) தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரையான குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. கொழுகொழு என்று இருக்கும் பிள்ளைகளும் இந்த 57க்குள் இருக்கிறார்கள். ஆறு மாதம் முடிந்ததும் வாரம் இரண்டு முறை 1 மில்லி இரும்பு, ஃபோலிக் அமில சிரப் கொடுப்பது அரசுத் திட்டம். உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் அல்லது அங்கன்வாடியில் கேட்டு வாங்குங்கள், உங்கள் குழந்தை மருத்துவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயந்து நிறுத்த வேண்டாம்.

உணவில், பருப்புச் சாதத்தில் இறக்கும்போது நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு, அல்லது தக்காளி சேர்த்து வேகவைத்தது. பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள வைட்டமின் சி வேண்டும். முட்டை ஆறு மாதம் முதலே கொடுக்கலாம், வெள்ளையும் சேர்த்து, நன்றாக வேகவைத்து. அசைவம் சாப்பிடும் வீடென்றால் கோழிக்கறியைக் குழைய வேகவைத்துக் கொத்தி மசித்துக் கொடுங்கள், முள் எடுத்த மீன் கொடுங்கள். "பல் முளைக்கட்டும்" என்று காத்திருக்கத் தேவையில்லை. கறிச்சாறு மட்டும் ஊற்றுவதில் இரும்பு வராது, அது கறியில்தான் இருக்கிறது. நிலக்கடலையைப் பற்றிய பயமும் பழையதாகிவிட்டது. லண்டனில் நடந்து 2015ல் வெளியான ஓர் ஆய்வில், ஒவ்வாமை வர வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்குக் கூட முதல் வயதிலேயே கடலை கொடுத்துப் பழக்கியபோது கடலை ஒவ்வாமை வெகுவாகக் குறைந்தது. வறுத்து மைபோல அரைத்துக் கஞ்சியில் கலக்க வேண்டும். முழுக் கடலை, பொட்டுக்கடலை, முழுத் திராட்சை, முறுக்குத் துண்டு எல்லாம் ஐந்து வயதுவரை கைக்கு எட்டாமல் இருக்கட்டும். குழந்தைக்குத் தோலில் கடுமையான கரப்பான் இருந்தால் மட்டும், கடலையும் முட்டையும் தொடங்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள்.

இரும்பைத் திருடும் இரண்டு பழக்கம் உங்கள் பக்கத்தில் சர்வசாதாரணம். டீயில் வர்க்கியையோ பிஸ்கட்டையோ நனைத்து ஊட்டுவது ஒன்று. டீயில் உள்ள டானின் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்கிறது, பிஸ்கட்டில் இருப்பது மைதாவும் சர்க்கரையும். பசும்பால் இன்னொன்று. ஒரு வயதுக்கு முன் குடிக்கக் கொடுக்க வேண்டாம். சாதத்தில் ஒரு ஸ்பூன் தயிர் என்பது வேறு. ஒரு வயதுக்குப் பிறகும் அரை லிட்டருக்கு மேல் குடிக்கும் குழந்தைக்குச் சாப்பாட்டில் நாட்டம் போய், வெளுத்துப்போவதை வாராவாரம் பார்க்கிறேன். அப்புறம் பசி வரவில்லையென்று டானிக் கேட்பார்கள். உப்பு ஒரு வயதுவரை தனியாகப் போட வேண்டாம். சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி எதுவும் இரண்டு வயதுவரை தேவையில்லை. கருப்பட்டி நல்லது என்பார்கள். அவளுக்கு இனிப்பே தெரியாது, தெரியாததைக் கேட்டு அழப்போவதில்லை.

மாமியார் சொல்லும் டப்பா உணவு விஷம் என்று நான் சொல்லவில்லை. பயணத்தில், ஒரு நாள் அவசரத்துக்கு உதவும், பலவற்றில் இரும்பும் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் லேபிளைத் திருப்பி, சேர்மானப் பட்டியலின் முதல் நாலைந்து பெயருக்குள் சர்க்கரையோ, சர்க்கரைபோலவே சட்டென்று செமிக்கும் மாவுப்பொருளான மால்டோடெக்ஸ்ட்ரினோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். அங்கன்வாடியில் தரும் இணை உணவு மாவும் நல்லதுதான், அதில் வெல்லம் கலந்தே வரும் என்பதால் அதுவே மூன்று வேளையும் ஆகிவிடக் கூடாது.

ஊட்டும் விதத்தைப் பற்றி ஒன்று. எதை, எப்போது, எங்கே உட்கார்ந்து கொடுப்பது என்பது உங்கள் வேலை. எவ்வளவு சாப்பிடுவது என்பது அவள் வேலை. முகத்தைத் திருப்பினால், வாயை இறுக்கினால், அந்த வேளை முடிந்தது. செல்போனைக் காட்டி வாய் பிளந்திருக்கும் நேரத்தில் திணிப்பது அன்றைக்குப் பலன் தரும். ஆனால் வயிறு நிறைந்ததா என்று தனக்கே தெரியாத பிள்ளையாக வளரும். இதில் பாட்டிகளைவிட அப்பாக்கள்தான் மோசம் என்பது என் அனுபவம்.

சரி, அப்பாவாக நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டீர்கள். கேட்டதே பாதி வேலை என்று பாராட்டிவிட்டுப் போக மாட்டேன், பட்டியல் இருக்கிறது. ராத்திரி மனைவி பீய்ச்சிய பால் பாத்திரங்களைக் கழுவிக் கொதிக்கவைப்பது உங்கள் வேலை. ஞாயிற்றுக்கிழமை ராகி ஊறப்போடுவதும் அரைத்துக் கொண்டுவருவதும் உங்கள் வேலை. ஷிப்மென்ட் நெருக்கடி இல்லாத நாட்களில் காலை உணவை நீங்களே ஊட்டுங்கள், அப்போதுதான் அம்மாவிடம் "இப்படிச் செய்யுங்கம்மா" என்று சொல்ல உங்களுக்கு வாய் இருக்கும். தொண்டையில் சிக்கினால் செய்யும் முதலுதவியை மருத்துவமனையில் ஒரு செவிலியரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள்: ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை முன்கையில் தலை தாழக் கவிழ்த்து முதுகில் ஐந்து தட்டு, திருப்பி மார்பு நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து அழுத்து. விரலை விட்டுத் துழாவக் கூடாது. உங்கள் அம்மாவும் கற்றுக்கொள்ளட்டும். பகலில் இருக்கப்போவது அவர்தான்.

அம்மாவையும் மாமியாரையும் சமாளிக்கும் பொறுப்பை மனைவி தலையில் வைக்காதீர்கள். மருமகள் சொன்னால் அது எதிர்ப்பேச்சு, மகன் சொன்னால் பேச்சு. நம் வீடுகளின் லட்சணம் அது. அம்மாவிடம் "நீங்க சொன்னது தப்பு" என்று ஆரம்பித்தால் "மூணு பேரை இப்படித்தான் வளத்துனேன்" என்பதில்தான் போய் முடியும். ராகி வேண்டாம் என்று சொல்லவே வேண்டாம். "ராகிதாம்மா, ஆனா முளைகட்டி, கெட்டியா, கிண்ணத்துல, ஆறு மாசம் முடிஞ்ச மறுநாள்லருந்து" என்று சொல்லுங்கள். அவர் தானியம், அவர் கைப்பக்குவம். மாறுவது பாட்டிலும் தண்ணீரும் மட்டும்தான். கஞ்சி இளகுவதை ஒரு தடவை அவரையே செய்து பார்க்கச் சொல்லுங்கள், அடுத்த நாள் தெரு முழுவதும் அவரே சொல்லிவிடுவார்.

தொடர்ந்து இரண்டு மாதம் எடை ஏறாமல் நின்றால், உள்ளங்கையும் கண் இமையின் உட்புறமும் வெளுத்திருந்தால், ஒவ்வொரு வாய்க்கும் வாந்தி எடுத்தால், எட்டு மாதத்திலும் தாங்கிப் பிடித்தும் உட்கார முடியாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் சாப்பாட்டையும் தாய்ப்பாலையும் நிறுத்தாமல் ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். கண் குழி விழுந்தாலோ, சிறுநீர் போகாமல் சோர்ந்து கிடந்தாலோ அன்றே கொண்டுபோக வேண்டும். ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசியோடு வைட்டமின் ஏ முதல் தவணையும் உண்டு. அந்தத் தேதியை இப்போதே உங்கள் போனில் குறித்து, அன்றைக்குக் கம்பெனியில் பெர்மிஷன் சொல்லிவிடுங்கள்.